படலைக்கு முன்னால் கிடங்கு வெட்டினால்: வன்னி நகரங்களில் குடியிருப்போர் செய்யவேண்டியவை

பெக்கோ வந்து முதல் வாளி மண்ணை அள்ளுமுன்பே உங்கள் பக்க வேலையில் பாதி முடிந்திருக்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு வெட்டினாலென்ன, மழைநீர்க் கானுக்கு வெட்டினாலென்ன, மாடிக் கட்டட அத்திவாரத்துக்கு வெட்டினாலென்ன, அயல் வீட்டுக்காரர் தோற்றுப்போவது ஒரே இடத்தில்தான். சுவர் வெடித்த பிறகு "இது முந்தியே இருந்த வெடிப்பு" என்று ஒப்பந்தகாரர் சொல்வார். மறுத்துக் காட்ட வீட்டுக்காரர் கையில் ஒன்றும் இருக்காது.

வவுனியா, கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு போன்ற இடங்களில் இந்தச் சிக்கல் கூடுதலாகவே இருக்கிறது. 2009 இன் பின் எழுந்த வீடுகள் பல சீமெந்துக் கல்லில், ஆழம் குறைந்த அத்திவாரத்தில் நிற்பவை. குடிக்கவும் குளிக்கவும் பலருக்கு இன்னும் வளவுக் கிணறுதான். நிலத்துக்கடியில் போர்க்காலத்து வெடிபொருட்கள் கிடக்கின்றன, சில இடங்களில் மனித எச்சங்களும். ஆகவே வேறு ஊர்களுக்கு எழுதப்பட்ட தூசி, சத்தம் பற்றிய அறிவுரைகள் மட்டும் இங்கே போதாது.

வெட்டுவது யார், எவ்வளவு ஆழம்

வேலைத்தலத்துப் பலகையைப் படம் எடுங்கள். திட்டத்தின் பெயர், வேலை கொடுத்த நிறுவனம், ஒப்பந்தகாரர், மேற்பார்வைப் பொறியியலாளர், தொடங்கும் முடியும் திகதிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அடுத்து, வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ9, மாங்குளம்–முல்லைத்தீவு ஏ34, பரந்தன்–முல்லைத்தீவு ஏ35 போன்றவை வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்குரியவை. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ உள்ளூராட்சி சபைக்கோ உரியவை. குழாய் பதிக்கும் நிறுவனம் வீதியின் சொந்தக்காரரிடம் அனுமதி பெற்றுத்தான் வெட்ட வேண்டும். திருப்பி மூடுவது எப்படி என்ற நிபந்தனை அந்த அனுமதியில்தான் இருக்கும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்த ஆவணங்களைத் தமிழில் எழுதியே கேட்கலாம். வெட்டும் ஆழத்தைக் காட்டும் வரைபடம், வீதி வெட்டும் அனுமதியும் நிபந்தனைகளும், நிலத்தடி நீரை இறைக்கும் திட்டம், அயலாருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்புறுதி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலை முடிந்த பின் வெளிப்படும் குறைகளை ஒப்பந்தகாரரே திருத்தித் தரவேண்டிய காலம்) ஆகிய ஐந்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். அந்த நாட்களைக் கணக்கிட்டு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

சுவரின் பதிவு

இரண்டு பேர், ஒரு அளவுநாடா, ஒரு பென்சில், ஒரு போன். இவ்வளவும் போதும். வீட்டின் வெளிப்புறத்தில் ஒரு மூலையில் தொடங்கி வலமாகச் சுற்றி ஒவ்வொரு சுவரையும் முழுதாகப் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொரு வெடிப்பையும் கிட்டத்தில், அளவுநாடா படத்துக்குள் தெரிய எடுங்கள். வெடிப்பு முடியும் நுனியில் குறுக்காக ஒரு பென்சில் கோடு போட்டுப் பக்கத்தில் திகதி எழுதுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டி வெடிப்பு நீண்டால் பிறகு யாரும் மறுக்க முடியாது. அகலம் அளக்க வங்கி அட்டை நல்ல கருவி. அதன் கனம் முக்கால் மில்லிமீற்றர். அட்டை உள்ளே போகிறதா இல்லையா என்று எழுதி வையுங்கள். மதில், நிலச் சீமெந்து, மலசலகூடக் குழி மூடி, கிணற்றுக்கட்டு, கதவு யன்னல் பூட்டுப்படும் விதம் எல்லாவற்றையும் பதியுங்கள். மதிலை விட்டுவிடாதீர்கள். அத்திவாரம் மிக ஆழம் குறைந்தது அதற்குத்தான், முதலில் சாய்வதும் அதுதான்.

முக்கியமான வெடிப்புகளுக்குக் கண்ணாடித் துண்டு ஒட்டுவது வழக்கம். படச்சட்டம் போடும் கடையில் 1 அங்குல அகலம், 4 அங்குல நீளத்தில் மெல்லிய துண்டுகள் வெட்டித் தருவார்கள். சுவரின் வர்ணத்தைச் சாந்து தெரியச் சுரண்டிவிட்டு, துண்டின் இரு முனைகளையும் வெடிப்பின் இருபுறமும் சீமெந்துக் கூழால் ஒட்டுங்கள். நடுப்பகுதி சுவரில் ஒட்டாமல் நிற்க வேண்டும். வர்ணத்தின் மேலேயே ஒட்டினால் சுவர் நகரும்போது கண்ணாடி உடையாது, வர்ணம்தான் உரிந்து வரும். பலரிடம் இது பிழைப்பதற்கு அதுவே காரணம். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்தது தெரியும். எவ்வளவு அசைந்தது என்று தெரியாது. அதற்கு வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு கொங்கிறீற் ஆணி அடித்து, ஆணித் தலைகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கிழமைக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். எங்களைக் கேட்டால் கண்ணாடியைவிட ஆணியே மேல்.

வெடிப்பை வாசிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். சாந்தில் வலைபோலப் பரவிய மெல்லிய கீறல்கள் பூச்சு காய்ந்ததால் வந்தவை. யன்னல் மூலையிலிருந்து சரிவாக, கல் அடுக்கைப் படிபடியாகப் பிடித்துக்கொண்டு ஓடும் வெடிப்பு, அதுவும் மேலே அகன்று கீழே ஒடுங்கினால், அத்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது என்று பொருள். 1 மில்லிமீற்றருக்கு உட்பட்டதைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதும். 5 ஐத் தாண்டினால் கதவு இறுகத் தொடங்கும், பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும். 15 ஐத் தாண்டினால் அந்த அறையில் யாரையும் படுக்க விடாதீர்கள்.

முருங்கன் பக்கத்துக் களிமண் போன்ற மண்ணில் கோடையில் நிலம் சுருங்கித் தானாகவே சுவர் வெடிக்கும். ஆகவே கிடங்கிலிருந்து தள்ளி நிற்கும் சுவர் ஒன்றிலும் ஒரு சோடி ஆணி அடியுங்கள். இரண்டும் ஒரேயளவு அசைந்தால் காலநிலை, கிடங்குப் பக்கம் மட்டும் அசைந்தால் கிடங்கு.

படங்களை அன்றைக்கே ஒப்பந்தகாரருக்கும் திட்டப் பொறியியலாளருக்கும் மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ அனுப்பினால் திகதிக்குச் சாட்சி கிடைக்கும். அச்சிட்ட பிரதி ஒன்றில் கிராம அலுவலரிடம் கையொப்பமும் வாங்குங்கள். ஒப்பந்தகாரரே வீடுவீடாக வந்து ஆய்வு செய்தால் கூடவே நடந்து, விடுபட்டதை அங்கேயே எழுதுவித்து, பிரதி கேட்டுப் பெறுங்கள்.

கிணறு

ஆழமாக வெட்டும்போது ஊற்றுத் தண்ணீரை மோட்டர் வைத்து இறைப்பார்கள். அயல் கிணறுகளும் அதோடு இறங்கும். வவுனியாப் பக்கம் கடும்பாறைக்கு மேலுள்ள உக்கிய படையில்தான் கிணற்று நீர் நிற்கிறது. அந்தப் படை மெல்லியது, ஆகவே இறக்கம் சீக்கிரம் தெரியும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் வேறு ஆபத்து. நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். ஏறிய உவர் இறங்க மாரிகள் போகலாம்.

அளப்பது எளிது. கயிற்றின் நுனியில் ஒரு இரும்பு நட் கட்டி, கடைசி ஒரு மீற்றருக்குச் சோக்கட்டியைத் தேயுங்கள். கிணற்றுக்கட்டில் ஒரு புள்ளி குறித்து எப்போதும் அங்கிருந்தே கயிற்றை இறக்குங்கள். நனைந்த இடம் வரை சோக் கறுத்திருக்கும். புள்ளியிலிருந்து அந்தக் கறுப்பு வரையான நீளம்தான் அன்றைய அளவு. காலையில் மோட்டர் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். வேலை தொடங்க இரண்டு கிழமைக்கு முன்பிருந்தே எழுதி வாருங்கள். மாசிக்குப் பிறகு எல்லாக் கிணறும் தானே இறங்கும் என்பதால், வேலைத்தலத்திலிருந்து அரைக் கிலோமீற்றராவது தள்ளியுள்ள உறவினர் வீட்டுக் கிணறு ஒன்றையும் அதே நாட்களில் அளப்பியுங்கள். இரண்டுக்குமிடையே கூடும் வித்தியாசம்தான் உங்கள் வழக்கு. கிணறு வற்றினால் பவுசர் தண்ணீர் தரவேண்டியது வேலை செய்பவர் பொறுப்பு. எத்தனை லீற்றர், எந்த நாட்களில் என்று எழுத்தில் கேளுங்கள்.

கிடங்குத் தண்ணீரோ உடைந்த மலக்குழித் தண்ணீரோ கிணற்றுக்குள் போயிருந்தால் இறைத்துச் சுத்தம் செய்து குளோரின் இட வேண்டும். கிணற்றின் விட்டத்தை மீற்றரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பிறகு 785 ஆலும் பெருக்கினால் லீற்றர் கணக்கு வரும். 3 மீற்றர் விட்டம், 2 மீற்றர் நீர் என்றால் ஏறத்தாழ 14,100 லீற்றர். லீற்றருக்கு 20 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கில், 65 வீதச் செறிவுள்ள தூள் சுமார் 435 கிராமும் 30 வீதத் தூள் என்றால் சுமார் 940 கிராமும் தேவை. பழைய, கட்டிபட்ட தூளில் செறிவு இருக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து அவர் முன்னிலையில் செய்வதே நல்லது. குளோரின் வாடை போகும்வரை இறைத்துவிட்டுப் பாவியுங்கள்.

எவ்வளவு கிட்ட வெட்டலாம்

உங்கள் அத்திவாரத்தின் அடியிலிருந்து 45 பாகையில் சரிவாக ஒரு கோடு கீழிறங்குவதாக வையுங்கள். கிடங்கின் அடி அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே போனால் வீட்டைத் தாங்கும் மண்ணையே எடுக்கிறார்கள். உதாரணமாக, அத்திவாரம் 2 அடி ஆழம், கிடங்கு 6 அடி ஆழம் என்றால் வித்தியாசம் 4 அடி. ஆகவே இடைவெளி குறைந்தது 4 அடி, மணலிலும் ஈர மண்ணிலும் 6 அடி. அதற்கு இடமில்லாவிட்டால் பலகையோ இரும்புத் தகடோ அடித்து முட்டுக்கொடுத்து, ஒரு நேரத்தில் சில மீற்றர் நீளம் மட்டுமே வெட்டி அன்றன்றே மூட வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 2 அடியாவது தள்ளிக் குவிக்க வேண்டும். ஒரு கன மீற்றர் மண் ஒன்றரை முதல் இரண்டு தொன் வரும். விளிம்பில் ஏற்றிய அந்தப் பாரம்தான் கிடங்குச் சுவரைச் சரிக்கிறது. ஒன்றரை மீற்றருக்கு மேல் ஆழமான கிடங்கில் முட்டில்லாமல் ஆள் இறங்கி நின்றால் உடனே ஓவசியரிடம் சொல்லுங்கள். அந்தத் தொழிலாளியும் யாரோ ஒரு வீட்டின் பிள்ளை. மண் சரிந்தால் வெளியே எடுக்க நேரம் இருக்காது.

கிடங்கோரம் நிற்கும் மின்கம்பம் சாய்ந்தால் 1987 க்கும், குடிநீர்க் குழாய் உடைந்தால் 1939 க்கும் அறிவியுங்கள். வேர் வெட்டுப்பட்ட வேம்பும் புளியும் சோளகக் காற்றுக்கு விழும். தண்டின் விட்டத்தைப்போல் 3 மடங்கு தூரத்துக்குள் பெருவேர் அறுபட்டிருந்தால் கொப்புகளைக் குறைக்கச் சொல்லுங்கள்.

போக்குவரத்து, தூசி, சத்தம்

ஒற்றைப் பலகையைக் கிடங்கின் மேல் போட்டு "நடந்து போங்கோ" என்பது வன்னியில் ஏற்கவே கூடாத வழக்கம். இங்கே காலிழந்தவர்களும் சக்கர நாற்காலியில் வாழ்பவர்களும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். பாலம் குறைந்தது ஒரு மீற்றர் அகலம், இருபுறமும் கைபிடி, ஏறும் இடத்தில் 12 அடிக்கு 1 அடிக்கு மேற்படாத சரிவு. இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அப்படியான ஒருவர், கர்ப்பிணி, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நோயாளி உள்ள வீடுகளின் பட்டியலை கிராம அபிவிருத்திச் சங்கம் முன்கூட்டியே பொறியியலாளருக்குக் கொடுத்தால், அந்தப் படலைகளுக்கு முன்னால் எந்த நாளில் வெட்டுவது என்பதைப் பேசி முடிவு செய்யலாம். 1990 அம்புலன்ஸ் எந்தப் பக்கத்தால் வரும் என்பதையும் அந்தப் பேச்சிலேயே தீர்த்துவிடுங்கள். இரவில் கட்டாக்காலி மாடுகள் கிடங்கில் விழுகின்றன. மஞ்சள் நாடா மாட்டைத் தடுக்காது, தடுப்புவேலிதான் வேண்டும்.

தூசிக்குப் பவுசரால் நாளுக்கு 3, 4 தடவை தண்ணீர் தெளிப்பதுதான் மருந்து. ஆடி, ஆவணியில் சோளகம் வீசும்போது கிடங்குக்கு வடகிழக்கே உள்ள வீடுகளுக்கே தூசி முழுவதும் போகும், தெளிப்பதை அந்தப் பக்கம் கூட்டச் சொல்லுங்கள். வீட்டில் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கிணற்றுக்கு வலையும் அதன் மேல் தறப்பாளும் போடுங்கள். கொங்கிறீற்றை வெட்டும் தூசி சாதாரண மண்தூசியை விடக் கெடுதியானது. வெட்டும் வாள் மீது தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

1996 ஆம் ஆண்டின் சத்தக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கட்டுமான வேலைக்குக் காலை 6 முதல் இரவு 9 வரை 75 டெசிபல், மற்ற நேரத்தில் 50 டெசிபல் எல்லை. போனில் உள்ள செயலி சரியாக அளக்காது. என்றாலும், அதில் தொடர்ந்து 85 காட்டினால் 1981 க்கு அழைத்து மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்யப் போதிய காரணம் உண்டு.

அதிர்வைப் பற்றி ஒன்று. செக்கனுக்கு 0.3 மில்லிமீற்றர் அதிர்வையே மனித உடல் உணர்ந்துவிடும். வீட்டுச் சுவருக்குச் சேதம் வரும் என்று பொதுவாக எடுக்கப்படும் எல்லை தாழ்ந்த அதிர்வெண்களில் 5 மில்லிமீற்றர். ஆகவே கோப்பை குலுங்கியது என்ற முறைப்பாடு நிற்காது, ஆணி அளவு நிற்கும். அதிர்வு உருளை வீட்டுக்குப் பத்து மீற்றருக்குள் வரும்போது அதிர்வை நிறுத்திவிட்டு வெறும் பாரத்தால் உருட்டச் சொல்லலாம். அது செய்யக்கூடிய வேலைதான், நேரம் மட்டும் கூடும்.

மண்ணுக்குள்ளிருந்து வருவது

கண்ணிவெடி அகற்றிய நிலம் என்ற சான்று குறிப்பிட்ட ஆழம் வரைதான் செல்லும். குழாய்க் கிடங்கு அதைவிட ஆழம். துருப்பிடித்த உருண்டை, வாலுள்ள எறிகணை, கம்பி சுற்றிய எதுவாயினும் தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, வந்த தடத்தாலேயே திரும்பி, தூரத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு 119 க்கு அழையுங்கள். இழுத்துப் பார்ப்பது, தண்ணீர் ஊற்றுவது, பழைய இரும்புக்காக எடுத்து வைப்பது எதுவும் வேண்டாம். பிள்ளைகளுக்கு வேலை தொடங்கும் நாளிலேயே சொல்லி வையுங்கள்.

எலும்பு வெளிப்பட்டால் அதன் பாரம் வேறு. திருக்கேதீச்சரத்தில் 2013 இல் நீர்க்குழாய் பதிக்கையில், மன்னார் நகரில் 2018 இல் சதொச கட்டட வேலையில், கொக்குத்தொடுவாயில் 2023 இல் குடிநீர்க் குழாய்க்கு வெட்டுகையில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. மன்னாரில் ஏற்றிச் சென்ற மண்ணில்தான் முதலில் எலும்புகள் கண்ணில் பட்டன. இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் பிறக்கின்றன.

ஒன்று, வளவை உயர்த்தவென்று கிடங்கு மண்ணை இலவசமாக வாங்கும்போது எந்த இடத்து மண், எத்தனையாம் திகதி, எந்த வாகனம் என்று எழுதி வையுங்கள். மண்ணைப் பரவ முன் கையால் கிண்டாமல் கண்ணால் பாருங்கள்.

மற்றது, எலும்பு, துணி, செருப்பு, அடையாளத் தகடு எது தெரிந்தாலும் வேலை அந்த இடத்தில் நிற்க வேண்டும். எடுக்கவோ கழுவவோ அடுக்கவோ கூடாது. எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எந்த எலும்போடு கிடந்தது என்பதே ஒரு குடும்பத்துக்குப் பதில் கிடைக்கும் வழி. பெக்கோ இன்னும் ஒரு வாளி அள்ளினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். பொலிஸுக்கு அறிவித்து, அது நீதவானுக்கு அறிக்கையிடப்பட்டதா என்று பின்தொடருங்கள். அகழ்வு நீதவானின் கட்டளைப்படி, சட்ட வைத்திய அதிகாரி முன்னிலையில் நடக்க வேண்டும். காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்துக்கும் உடனே அறிவியுங்கள். அகழ்வில் அவதானிப்பாளராக நிற்க அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. மழை வரும் போலிருந்தால் பொலிஸாரைக் கேட்டுத் தறப்பாளால் மூடி, சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்புங்கள். அயலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருப்பார்கள். முகநூலில் படம் பார்த்து அவர்கள் அறியக்கூடாது, யாராவது நேரில் போய்ச் சொல்லுங்கள்.

மாரி

ஐப்பசி பிறக்குமுன் திறந்த கிடங்கெல்லாம் மூடியிருக்க வேண்டும். முடியாதென்றால் திறந்த நீளத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். மண்குவியல் வீதியோரம் அணைபோல நின்று வெள்ளத்தை வளவுக்குள் திருப்பும். குவியலில் இடையிடையே வழி விடவும் மதகு வாயை அடைக்காமலிருக்கவும் பாருங்கள். டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள்தான். கிழமைக்கு ஒருமுறை தேங்கிய நீரை இறைத்தேயாக வேண்டும். அடுக்கிவைத்த குழாய்களின் வாயையும் மூடுவிக்க மறக்க வேண்டாம், நுளம்பு அங்கேதான் பெருகும்.

மூடுதலும் கேட்டு வாங்குதலும்

குழாயைச் சுற்றி 4 முதல் 6 அங்குலம் மணல், அதன் மேல் 6 முதல் 8 அங்குலப் படைகளாக மண், ஒவ்வொரு படையும் ஈரம் பார்த்துத் தனித்தனியே இடிக்கப்பட வேண்டும். ஒரே தடவையில் தள்ளி மூடி மேலால் உருட்டினால் மேல் ஒரு அடி மட்டுமே இறுகும், முதல் மழையில் கிடங்கு நீளத்துக்குத் தார் உட்காரும். 12 மில்லிமீற்றர் கம்பியைக் கையால் அழுத்துங்கள். தடையில்லாமல் ஒரு அடிக்கு மேல் இறங்கினால் படை இறுகவில்லை. தார் போடுமுன் படத்தோடு எழுதுங்கள். தார் போட்ட பிறகு இது பேச்சாகிவிடும்.

சேதத்துக்கான கடிதம் ஒரு பக்கம் போதும்: முந்திய அளவு, இப்போதைய அளவு, திகதிகள், கேட்பது என்ன, எந்தத் திகதிக்குள் பதில். ஒப்பந்தகாரருக்கும் பொறியியலாளருக்கும் பதிவுத்தபாலில் அனுப்பி, பிரதேச செயலாளருக்குப் பிரதி வையுங்கள். உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் கடனில் நடக்கும் திட்டமென்றால் குறைகேள் குழு கட்டாயம் இருக்கும், அங்கும் பதியுங்கள். கிடங்கு மூடப்படாமல் உயிராபத்தாகக் கிடந்தால், 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவின்படி பொதுத் தொல்லையை அகற்ற நீதவானிடம் கட்டளை கேட்கலாம்.

சுவர் இன்னும் அசையும்போது "சாந்து பூசித் தருகிறோம்" என்றால் ஒப்பமிட வேண்டாம், பூசியது திரும்ப வெடிக்கும். ஆணி அளவு ஒரு மாதம் மாறாமல் நின்ற பிறகே திருத்தம். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் பொதுவாக ஒரு வருடம். அதுவரை ஒப்பந்தகாரரின் பணத்தில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வருடம் முடியும் திகதியை ஆவணத்தில் பார்த்து, அதற்கு ஒரு மாதம் முந்தியே எல்லாச் சுவரையும் கிணற்றையும் வீதியையும் கடைசியாக ஒருமுறை அளந்து, பட்டியலை வேலை கொடுத்த நிறுவனத்துக்கே நேராகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.